பதினோரு வரிகள்

'நீங்கள் சொன்னதை வெளியில் சொல்ல மாட்டேன்' என்று யாருக்காவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? நான் பதினாலு பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதினாலு தாளிலும் கோகிலவாணி என்று முழுப் பேர், ஒரு சுழி விடாமல், ஊராட்சிப் பள்ளியில் இரட்டைக் கோட்டு நோட்டில் எழுதிப் பழகியவள் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படி. போடும்போது பயமே இல்லை. சொல்லாமல் இருப்பது ஒரு வேலையா, வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது என்று சிரித்துக்கொண்டே போட்டேன். இப்போது மணி பத்து நாற்பது. கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியின் வரவேற்பறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றேகாலுக்கு மேலே கூப்பிடுவார்கள். மேனேஜர் முன்னால் நின்று எங்கள் ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும். காலையில் பஸ் ஏறும்போது இருந்த பயம் வேறு. இங்கிலீஷில் தடுமாறிவிடுவேனோ, புடவையில் பாப்பா கக்கிய வாசம் வருமோ, அந்த மாதிரி சில்லறைப் பயம். அந்தப் பயம் இப்போது எங்கே போனது என்றே தெரியவில்லை, திரும்பி வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால், வரவேற்பு மேஜையில் இருக்கும் ஜெனிட்டா என்கிற பெண், பேச்சுக்குப் பேச்சாக, சற்குணம் சாரைப் பார்க்கணும்னா இங்கே இல்லைங்க அக்கா, அவரைப் பம்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், எதிர்க் கட்டடம், போன வெள்ளிக்கிழமையே ஆர்டர் வந்துவிட்டது என்றாள். அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறதாம். இன்றைக்குக் கருவி புரோகிராமுக்குப் புது வெர்ஷன் போடுகிறார்களாம், மாடியில் எல்லாருக்கும் சாப்பாடு இவள்தான் சொல்லியிருக்கிறாள், சாப்பிட்டதும் ஆரம்பிப்பார்களாம். ஓ அப்படியா என்றேன். நல்லா சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்புறம் திறந்து வைத்திருந்த லேப்டாப்பை ஏன் மூடினேன் என்று எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை.

ஏனென்றால் சற்குணம் சார் சொன்னது எனக்கு அதுவரை ஒரு மேற்கோளாகத்தான் இருந்தது. இதை எப்படி விளக்குவது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளர், ஹேமலதா மேடத்திடம். கருவிகளுக்குள் ஓடும் புரோகிராமை இப்போது பல கம்பெனிகளில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. திரையில் படம் வரைகிறார்கள், கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, சூடு இவ்வளவு இருந்தால் இந்தக் கட்டம், அதற்கு மேல் போனால் அந்தக் கட்டம் என்று. அதற்கு மாடல் என்று பேர். வரைந்து முடித்து 'ஜெனரேட்' என்று ஒரு பட்டனை அமுக்கினால் படத்திலிருந்து புரோகிராம் தானாக வந்து விழும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நிஜத்தில் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்களா என்று ஆள் ஆளாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் வேலை. என் மாமனார் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கிய வரைபடத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி உள்ளே இருக்கிறது, கட்டின வீட்டில் வெளியே இருக்கிறது. இருபது வருஷமாக அந்தப் படமும் இந்த வீடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதே இல்லை. ஊரில் எந்த வீடும் அப்படித்தான். அதனால் பதினாலு பேரில் ஒன்பது பேர், பட்டனை அமுக்கி வந்ததை அப்புறம் கையால் கொஞ்சம் திருத்திக்கொள்வோம் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, மேடத்துக்குத்தான் ஆச்சரியம். உன்கிட்ட மட்டும் எப்படிம்மா எல்லாரும் உண்மையைச் சொல்றாங்க என்றார். எப்படியோ. என் முகம் அப்படி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட மருமகள் சண்டையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சற்குணம் சாரும் அப்படித்தான் சொன்னார், மூன்று வாரத்துக்கு முன்னால், இந்தக் கம்பெனி கேன்டீனில், டீயை ஆற்றிக்கொண்டே. எங்கள் தாளில் அவருக்குப் பேர் கிடையாது, ஏழாம் நபர். நாற்பத்தைந்து வயசு இருக்கும், சட்டைப்பையில் அடையாள அட்டையை மடித்து வைத்திருப்பார். ஜெனரேட் ஆகி வருகிற ஃபைலின் தலையிலேயே, கையால் திருத்தாதே என்று எழுதியிருக்குமே சார் என்று கேட்டேன். அதைப் படிச்சுப்போட்டுத்தானுங்க மேடம் திருத்துறேன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பதினோரு வரி. அவர் கையால் சேர்ப்பது அவ்வளவுதான். இந்தக் கம்பெனி செய்வது குறைமாதக் குழந்தைகளைப் படுக்க வைக்கும் சூட்டுப் படுக்கை, மேலே ஹீட்டர், கீழே குழந்தை, குழந்தையின் வயிற்றில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். உடம்புச் சூட்டை அந்த வில்லை சொல்லும், அதைப் பார்த்து ஹீட்டர் கூடும் குறையும். வில்லையின் ஒயர் அறுந்தால் என்ன செய்வது என்று மாடலில் வரைந்திருக்கிறார்கள். ஒயர் அறாமல் வில்லை மட்டும் நழுவித் துணிமேல் விழுந்தால் என்ன செய்வது என்று யாரும் வரையவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் கருவியைப் பொருத்தப் போன சற்குணம் சார் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். வில்லை துணியில் கிடக்கிறது, துணி குளிர்ந்திருக்கிறது, கருவி குழந்தைக்குக் குளிருகிறது என்று நினைத்துச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. தற்செயலாக வந்த நர்ஸம்மா பார்த்து ஹீட்டரை அணைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, சிவந்திருந்தது, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் என்று சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மாடலில் ஒரு அம்பு சேர்க்க வேண்டுமானால் ஏழு பேர் கையெழுத்து, ஆறு வாரம். மறுநாள் காலையில் நாற்பது கருவி லாரியில் ஏற வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து பதினோரு வரி எழுதி, வந்த ஃபைலுக்குள் நேராகச் சேர்த்துவிட்டார். எந்த உடம்பும் இவ்வளவு வேகத்தில் குளிராது, ஆகவே வில்லை கழன்றிருக்கிறது, ஹீட்டரை நிறுத்து, மணி அடி. அப்புறமாக மாடலில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அப்புறம் சேர்க்க முடியவில்லை. சேர்த்தால், அதுவரை அனுப்பியதெல்லாம் மாடலில் உள்ளபடிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாம் பொய் என்று ஆகிவிடும், அதில் ஒரு கையெழுத்து அவருடையது. அதனால் புது வெர்ஷனுக்காக யார் பட்டனை அமுக்கினாலும் பழைய ஃபைல் அழிந்து புதிது வரும், இவர் சத்தம் காட்டாமல் தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் பதினோரு வரியை எடுத்து மறுபடி உள்ளே வைப்பார். மூன்று வருஷமாக. லீவு போட்டால்கூடத் தேதி பார்த்துத்தான் போடுவாராம். சோதித்துப் பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்டேன். அவர்கள் சோதிக்கும் பட்டியலும் மாடலிலிருந்துதான் வருகிறது மேடம், படத்தில் இல்லாததை யார் சோதிப்பார்கள் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா. ஐயோ என்றா சொன்னேன். எப்பேர்ப்பட்ட வரி கிடைத்தது என்று குதித்துக்கொண்டு போய் மஞ்சள் நிறத்தில் கோடிட்டேன். மேடம் ஃபோனிலேயே பிரமாதம் என்றார். அன்றைக்கு வழியில் இறங்கி வீட்டுக்குத் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு குழந்தை சிவந்திருந்தது என்று ஒரு மனுஷன் சொல்கிறார், நான் பன் வாங்கியிருக்கிறேன்.

எதிரே பார்க்காமல் இருக்கலாம் என்றால் எதிரேதான் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கம்பெனியின் சூட்டுப் படுக்கை ஒன்று, அதில் ஒரு ரப்பர் பொம்மைக் குழந்தை, கையைத் தூக்கிக்கொண்டு, கண் திறந்தபடி. வயிற்றில் வில்லை. பிளாஸ்திரியின் ஒரு ஓரம் சுருண்டு எழும்பியிருக்கிறது. வந்தவுடனே பார்த்தேன், அப்போது அது சும்மா ஓரம் கிளம்பிய பிளாஸ்திரி. இப்போது அதைப் பார்த்தால் எழுந்து போய் அழுத்திவிட வேண்டும்போல இருக்கிறது, ஜெனிட்டா என்ன நினைப்பாளோ. எங்கள் பாப்பா ரிதன்யா நாலு நாள் இப்படிக் கிடந்தாள். எட்டாம் மாசம் முடியுமுன்னே பிறந்துவிட்டாள், முழங்கை நீளம், தொட்டால் உடைந்துவிடுவாள் என்று அவள் அப்பா தொடவே இல்லை, கண்ணாடிக்கு வெளியே நின்று கூகுளில் என்னென்னவோ படித்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைப் பார்த்ததைவிட கருவியில் சூட்டைக் காட்டும் அந்த எண்ணைப் பார்த்ததுதான் அதிகம். முப்பத்தாறு புள்ளி ஐந்து. முப்பத்தாறு புள்ளி ஆறு. அந்த எண் சொன்னால் நான் சாப்பிட்டேன், அது குறைந்தால் எழுந்து நின்றேன். ஒரு தடவை வில்லை கழன்று நர்ஸம்மா வந்து, ஒண்ணுமில்ல கண்ணு என்று புதுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார்கள். கழன்று எவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள்? மணி அடித்ததா? அடித்ததால்தான் வந்தார்களா, சும்மா வந்தார்களா? எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கருவியில் எந்தக் கம்பெனிப் பேர் எழுதியிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. எட்டு மாசமாக அதைப் பற்றி நினைக்கவில்லை, பிழைத்து வந்துவிட்டாள், காது குத்தியாயிற்று, இன்றைக்குக் காலையில் என் மூக்கைக் கடித்தாள், அப்புறம் எதற்கு நினைப்பது. இப்போது அந்த நாலு நாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எண்ணைப் பார்க்கிறேன். அதற்குப் பின்னால் பதினோரு வரி இருந்ததா இல்லையா என்று பார்க்கிறேன். மார்பு கனக்கிறது, பாப்பா பால் குடிக்கும் நேரம், உடம்புக்கு என் மனசோடு சம்பந்தமில்லாமல் மணி தெரிகிறது. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பயந்தால் எனக்குப் பசிக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படி. பரீட்சை ஹாலில் எல்லாரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் இட்லியை நினைத்துக்கொண்டிருப்பேன்.

சரி, யோசி. பயப்பட நேரமில்லை, கணக்காக யோசி. மேலே போய் மேனேஜரிடம், சார், உங்கள் கருவியில் இப்படி ஒரு ஓட்டை என்று சொல்லலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பார். இந்தக் கம்பெனியில் நான் பேசியது மூன்றே பேரிடம். ஒருவர் மேனேஜரேதான், எங்கள் ஆட்கள் ஜெனரேட் ஆனதில் ஒரு எழுத்தைத் தொட மாட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர். இன்னொருவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையன். மீதி யார் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. பேர் சொல்லாமல் சொன்னாலும் பேர் சொன்ன மாதிரிதான். மேடத்துக்கு ஃபோன் போட்டேன், அணைத்திருக்கிறது, இன்றைக்குப் பரீட்சைக் கண்காணிப்பு, ஒரு மணி வரைக்கும் எடுக்க மாட்டார். எடுத்தாலும் என்ன சொல்வார் என்று தெரியும், முதல் நாளே சொன்னதுதான். நாம் ஒரு தடவை வாக்கு மாறினால் அப்புறம் எந்தக் கம்பெனியிலும் யாரும் நமக்கு வாய் திறக்க மாட்டார்கள் கோகிலா. சரிதான். ஆனால் அந்தத் தாளில் குழந்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே மேடம். லேப்டாப்பைத் திறந்தேன். மேலே காட்ட வேண்டியதில் ஒன்பதாவது பக்கத்தில் ஏழாம் நபர் சொன்னது என்று போட்டு, கையால் பதினோரு வரி சேர்க்கிறேன் என்று அவர் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன், அதுவும் மேனேஜர் சொன்னதற்கு நேர் கீழே, பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று. அவரையே உட்கார வைத்துக்கொண்டு இதைக் காட்டவா கிளம்பி வந்தேன். எனக்கு என்ன மூளையோ. அழித்தேன். அழித்ததும் திரை வெள்ளையாக இருந்தது, அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க, இப்போது உலகத்தில் இதைச் சொல்லும் தாள் ஒன்றுகூட இல்லை என்று தோன்றியது. மறுபடி கொண்டுவந்தேன். வந்ததும் சற்குணம் சார் வீட்டு வாசலில் செருப்பு எத்தனை ஜோடி கிடக்கும் என்று ஒரு நினைப்பு. அழித்தேன். கொண்டுவந்தேன். ஒருவேளை அவர் புதிதாக வந்த அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பார். கட்டாயம் சொல்லியிருப்பார், மூன்று வருஷம் காத்தவர் சொல்லாமலா போவார். சொல்லியிருக்க மாட்டார், மூன்று வருஷம் மறைத்தவர் எப்படிச் சொல்லுவார். இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. அவர் சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி, சார், நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது. முப்பத்தி இரண்டு கேள்வி தயார் செய்து கொண்டு போனேன். உங்கள் திருப்தியை ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. நாலு என்றார்.

பேட்டி கொடுத்தவர்களை அப்புறம் வேலை இடத்தில் தேடிப் போய்ப் பேசக்கூடாது என்பதும் விதிதான். சற்குணம் சார் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, வாக்கு என்பது யாருக்குக் கொடுத்தது என்று யோசித்தேன். கம்பெனிக்கு இல்லை, மேடத்துக்கு இல்லை. அவருக்கு. அப்படியானால் அதிலிருந்து என்னை விடுவிக்கக் கூடியவரும் அவர் ஒருவர்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பக்கத்து வீட்டு அக்கா நகையை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் யாரைக் கேட்டுத் திருப்பிக் கொடுப்போம், அதே கணக்கு. அமுக்கினேன். மூன்றாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் பம்புகள் ஓடும் இரைச்சல். நான் இன்னார் பேசுகிறேன் என்றேன். கீழே உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு பட்டனை அமுக்கப் போகிறார்களாம் என்று சொன்னேன். தெரியும் என்றார். அப்புறம், வர்றேனுங்க என்றார். வந்துவிட்டார், நாலே நிமிஷத்தில், வெயிலில் ஓடி வந்த மாதிரி. ஜெனிட்டா காதில் விழாமல் தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றோம். மூன்று வாரத்துக்குள் ஒரு மனுஷனுக்குக் கன்னம் இப்படி ஒட்டிப்போகுமா. மாற்றல் ஆர்டர் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்ததாம், மறுநாள் அவர் கம்ப்யூட்டரை எடுத்துத் துடைத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம், அந்த ஃபைலும் அதோடு போயிற்று. அந்தப் பெண்ணிடம் சொல்ல இரண்டு தடவை மாடி ஏறியிருக்கிறார். முதல் தடவை, டீ குடிச்சியாம்மா என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். இரண்டாவது தடவையும் அதையே கேட்டாராம், அந்தப் பெண் இவரை ஒரு மாதிரி பார்த்ததாம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கும் வரவில்லை, எனக்கே.

"சார், நான் சொல்ல முடியாதுங்க, கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றேன். "ஆனா சொல்லாமயும் என்னால இங்கிருந்து போக முடியாதுங்க."

அவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேலை போயிருமுங்களே என்றார், என்னிடம் கேட்கிற மாதிரி. போகாது சார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யாருக்கும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் போகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? போகலாமுங்க என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்றே நம்ப முடியவில்லை. கோபித்துக்கொள்வார், நீ யாரு, உன்னை நம்பினேன் பாரு என்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கோபிக்கவில்லை. அந்த வரிகள் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்றார். சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் பழைய குரலாக இருந்தது. மேஜையிலிருந்து ஜெனிட்டா, அக்கா, மேலே வரச் சொல்கிறார்கள் என்று கூப்பிட்டாள். பதினொன்று பதினைந்துகூட ஆகவில்லை, ஐந்து நிமிஷம் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள், இப்படி நாளில்தான் எல்லாம் சீக்கிரம் நடக்கும். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடும், அவராக வர வேண்டும், வராவிட்டால், வராவிட்டால் நான் மேலே போய் என்ன செய்வேன், ஒன்பதாம் பக்கம் இப்போது அழிந்திருக்கிறதா இருக்கிறதா, எனக்கே தெரியவில்லை, கடைசியாக எதை அமுக்கினேன். ஐந்தாவது படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி விட்டு, ஒரு படி விட்டு, என்னோடு ஏறி வந்தார். திருப்பத்தில், மேனேஜர் அறைக் கதவு தெரிகிற இடத்தில் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கேன்டீனில் மேடம் மேடம் என்று கூப்பிட்டவர், எங்கள் ஊர்ப்பக்கம் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"அம்மணி, நான் ஆரம்பிச்சர்றனுங்க. பாதியில எனக்குப் பேச்சு நின்னு போச்சுன்னா, மீதிய நீங்க சொல்லிப்போடுங்க."